வெறுங்காலும் ஈரப் படியும்

மே மாதத்தின் இரண்டாவது வாரம். காலை ஆறே முக்காலுக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், கடுவையாற்றின் கரையோரம் விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சில தண்ணீரில். சில கரையேற்றப்பட்டு, மரக்கட்டைகளின் மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன் பெருகட்டும் என்று விடுகிற இந்த இரண்டு மாதத்தில்தான் படகுக்கு வைத்தியம் நடக்கும். ஒருபக்கம் வலை பின்னுகிறார்கள், ஒருபக்கம் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், எங்கோ கிரைண்டர் அலறுகிறது. நான் பார்க்க வந்தது படிகளை.

"படியவா?" என்றார் ஃபைபர் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றியிருந்தார். "வர்றவங்க எல்லாம் இன்ஜினப் பாப்பாங்க, வின்ச்சப் பாப்பாங்க. படியப் பாக்க வந்தது நீங்கதான் தம்பி."

காரணத்தைச் சொன்னேன். போன வருஷம் ஒரு சுற்றுலாப் படகிலிருந்து இறங்கும்போது அம்மா வழுக்கி விழுந்தார். பக்கவாட்டில் ஒரே ஒரு ஃபைபர் படி, நீலநிற எனாமல் பெயிண்ட், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. முன்னால் இறங்கியவர்களின் காலிலிருந்து சொட்டிய தண்ணீர் அதன்மேல் மெல்லிய படலமாக நின்றிருக்கிறது. அம்மா வலது காலை வைத்தார், கால் தானாக முன்னால் போய்விட்டது. விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த மணிக்கட்டில் பழைய பலம் இன்றுவரை திரும்பவில்லை. தோசைக்கல்லை இடக்கையால்தான் தூக்குகிறார். அன்று கூடிய கூட்டத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "பாத்து இறங்கக் கூடாதாம்மா?" படகுக்காரர் மட்டும் அழாக்குறையாக, "போன வாரந்தான் சார் புதுசா பெயிண்ட் அடிச்சேன்" என்றார். அந்தப் பெயிண்ட்தான் காரணம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

மேஸ்திரி கேட்டு முடித்துவிட்டு, "எனாமலா?" என்றார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள மணல் போடணும்."

படகின் பக்கச் சுவரில், வெளியிலிருந்து உள்ளே கால் வைக்கும் இடத்தில், பெட்டி போல ஒரு ஃபைபர் படியைப் பொருத்தியிருந்தார்கள். அச்சில் வார்த்து எடுத்தது. அதன் மேல் விரலை ஓட்டச் சொன்னார். பீங்கான் தட்டைத் தடவுவது போலிருந்தது. "இது பொறக்கும்போதே வழுக்கலாத்தான் பொறக்குது" என்றார். ஃபைபர் வேலையின் முறையே அப்படி. முதலில் அச்சுக்கு மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், வார்த்தது ஒட்டாமல் கழன்று வரவேண்டுமே. அதன் மேல் ஜெல்கோட் என்ற நிறமேற்றிய ரெசின். அது சற்று இறுகியதும் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினைத் தேய்த்து, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். கடைசியில் அச்சிலிருந்து பிரிக்கும்போது, அச்சின் பளபளப்பு அப்படியே படியின் முகத்துக்கு வந்துவிடும். வெளிப்பக்கச் சுவருக்கு அது நல்லது, அழுக்குப் பிடிக்காது. கால் வைக்கும் இடத்துக்கு ஆகாது. அச்சு மெழுகின் எச்சம் வேறு அதன்மேல் இருக்கும்.

உலர்ந்திருக்கும்போது இந்தப் பளபளப்பு பரவாயில்லை. ஈரம்தான் வினை. வழவழப்பான பரப்புக்கும் பாதத்துக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. பாதம் படியைத் தொடாமல் தண்ணீரின் மேல் நிற்கிறது. மீன் வழும்பும் டீசலும் சேர்ந்தால் அந்தப் படலம் இன்னும் கெட்டியாகி, இன்னும் எளிதாக நழுவும். ஆகவே செய்யவேண்டியவை இரண்டு. படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வரும் சிறு முனைகள் வேண்டும். அந்த முனைகளுக்கு நடுவே தண்ணீர் விலகிப் போக இடம் வேண்டும். இதற்காகக் கடைகளில் விற்கும் எல்லாச் சரக்கும், மணல் கலந்த பெயிண்டிலிருந்து ஒட்டும் சொரசொரப்பு டேப், வரிபோட்ட ரப்பர் விரிப்பு வரைக்கும், இந்த இரண்டையும்தான் தத்தம் வழியில் செய்கின்றன.

மேஸ்திரியின் வழி மணல். முதலில் படியின் மேல்பரப்பை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தார், பளபளப்பு முழுக்கச் செத்து, சுண்ணாம்பு பூசியது போல் மங்கும்வரை. அதற்கு முன்பே அசிட்டோன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டிருந்தார். தேய்த்த பிறகு இன்னொரு முறை. ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால், உப்புத்தாள் மெழுகை வழித்து எடுக்காது, கீறலுக்குள் அமுக்கிவிடும். அப்புறம் என்ன பூசினாலும் ஆறு மாதத்தில் தோலாக உரியும். "உரிஞ்ச மணல் படிதான் தம்பி வெறும் படியவிட மோசம். சொரசொரப்பு இருக்குன்னு நம்பிக் கால வப்பான், அங்க இருக்காது."

பிறகு மூன்று பக்கமும் விரற்கடை அளவு விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டினார். மூலைகளை மட்டும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாக வெட்டினார். கூர்மூலையாக விட்டால் பூச்சு அங்கிருந்துதான் முதலில் கிளம்பும் என்றார். விளிம்பு பற்றிய அவருடைய முடிவுதான் எனக்குப் புதிது. மூன்று பக்கம் இடைவெளி விட்டவர், கால் கடைசியாக விலகும் முன்விளிம்பில் விடவில்லை. அங்கே பூச்சு விளிம்பைத் தாண்டி, சற்றே கீழே மடிந்து இறங்குகிறது. காரணம் எளிது. இறங்குகிறவனின் எடை முழுவதும் ஒரு கணம் அந்த விளிம்பில்தான் நிற்கும். அம்மாவின் கால் நழுவியதும் அந்த இடத்தில்தான்.

மணலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டிகளுக்குப் போடும் கழுவிய வெள்ளை மணல். சலித்து, ரவைப் பதத்தில், ஒரே அளவு. பத்தடியில் கடற்கரை இருக்க, மணலைக் காசு கொடுத்து வாங்குவானேன்? கேட்டே விட்டேன். பக்கத்தில் ரெசின் கலந்துகொண்டிருந்த பையன் சிரித்தான். கடல் மணலில் உப்பு இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் தங்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பூச்சுக்கு அடியில் கொப்புளம் போடும். தவிர கடல் மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். அது காலை அறுக்கும், சீக்கிரம் உடைந்து பொடியாகவும் போகும்.

ரெசினில் ஹார்ட்னர் கலப்பது அந்தப் பையனின் பொறுப்பு. கணக்குப் பார்த்து, மருந்து ஊற்றுவது போல ஊற்றினான். வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. மே வெயிலில் அதையும் குறைத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் டப்பாவிலேயே இறுகிவிடும். ரெசினை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் இந்த ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றாக ஊற்றிவிடக் கூடாது, வெடிக்கும் என்பதை என்னிடம் மூன்று முறை சொன்னான். மேஸ்திரி அவனுக்கு முப்பது முறையாவது சொல்லியிருப்பார். இரண்டு டப்பாக்களும் வேலையிடத்தின் எதிரெதிர் மூலைகளில் இருந்தன.

நிறம் கலந்த ரெசினைப் பிரஷ்ஷால் ஒரே சீராகப் பூசினார். அது ஈரமாக இருக்கும்போதே, கோலமாவு தூவுகிற லாகவத்தோடு, ஓரடி உயரத்திலிருந்து மணலைத் தூவினார். கொஞ்சநஞ்சம் அல்ல. பூச்சின் நிறமே தெரியாமல் மூடும்வரை. கலந்து பூசினால் மணல் அடியில் படிந்து, ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் மொட்டையுமாகப் போகும். தூவினால் பூச்சு தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை இறுகிய பிறகு பெருக்கி எடுத்துவிடலாம். மறுபடி மேலே மெல்லியதாக ஒரு பூச்சு, மணலைப் பூட்டிவைக்க. தடிமனாக அடித்தால் முனைகள் மூழ்கி, பழையபடி மொழுமொழுவென்று ஆகிவிடும். டேப்பை ரெசின் முழுதாக இறுகுமுன் உரித்தார். கோடு கத்தியால் வெட்டியதுபோல் வந்தது.

முதல் நாளே முடித்துவைத்திருந்த எதிர்ப்பக்கப் படிக்குக் கூட்டிப்போனார். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க." எப்படியும் படகில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. தொழில் செய்யும் இடம், தெய்வம் இருக்கும் இடம். ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைக் கலக்கிப் படியில் ஊற்றினார். வழும்புக்குப் பதில் சோப்பு. ஏறினேன். பாதத்துக்குள் ரவை அழுந்துவது தெரிந்தது. நகரவில்லை. ஆனால் திரும்பும்போது குதிகாலை லேசாக உரசிவிட்டது. சொன்னேன். உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். பையனைக் கூப்பிட்டு, இன்னொரு மெல்லிய பூச்சு அடிக்கச் சொன்னார்.

பிறகு அவர் சொன்னதை அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தடைக்காலம் முடிந்தால் இந்தப் படகில் ஏறுகிறவர்கள் எல்லாம் வெறுங்காலர்கள். நாள்கணக்கில் உப்புத்தண்ணீரில் ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி இளகிப் போயிருக்கும். அதில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் உப்பு ஏறி எரியும், ஆறாது. அளவுக்கு மீறிய சொரசொரப்பைப் பொறுக்கமாட்டாமல் ஆட்கள் அந்தப் படியையே ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் வழுக்கும் விளிம்பில் கால்வைத்துத் தாண்டுவார்கள். பூட்ஸ் போட்ட காலுக்குச் செய்த சொரசொரப்பு இங்கே உதவாது. கரடுமுரடான இடுக்குகளில் செதிளும் வழும்பும் தங்கி நாற்றமும் எடுக்கும். ஆகவே பிடிக்கவேண்டும், கிழிக்கக் கூடாது. ரவைப் பதம் என்பது அப்படி வந்து சேர்ந்த அளவு.

ஜெர்மனியில் தரைகளின் வழுக்கலைச் சோதிக்கும்போது செருப்புக்கால், வெறுங்கால் இரண்டுக்கும் தனித்தனி முறை வைத்திருக்கிறார்கள். வெறுங்காலுக்கானதில், சோப்புத்தண்ணீர் ஓடும் பரப்பின் மேல் ஆள் நிற்க, பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 12 டிகிரி வரை தாங்கினால் ஒரு தரம், 18 தாங்கினால் அடுத்தது, 24 தாங்கினால் மேல்தரம். நீச்சல்குளப் படிகளை அந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மேஸ்திரிக்கு இதைச் சொன்னேன். "வாளியும் சோப்பும் அங்கயும் உண்டா?" என்று கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

வயதானவர்களும் குழந்தைகளும் ஏறும் படிக்கு என்ன செய்வது? அதற்கும் வைத்திருந்தார் ஒரு வழி: மணலுக்குப் பதில் சீனி. ஈரப் பூச்சின் மேல் சீனியைத் தூவி, இறுகிய பிறகு வெந்நீரால் கழுவினால் சீனி கரைந்து ஓடிவிடும். அது இருந்த இடமெல்லாம் சிறு குழிகள். முனைகளுக்குப் பதில் பள்ளங்கள். பிடிப்பு மணல் அளவுக்கு வராது, ஆனால் பாதத்துக்கு மெத்தென்றிருக்கும், துடைப்பதும் எளிது. அம்மா இறங்கிய அந்தப் படிக்கு இது போதும். கால்கிலோ சீனிகூட ஆகாது.

வீல்ஹவுஸின் கூரைக்கு ஏறும் ஏணி இரும்புக் குழாயில் செய்தது. உருண்டைக் குழாய், அதன் மேல் பச்சைப் பெயிண்ட். அங்கே ஒரு தொழிலாளி தென்னங்கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு படிக்கம்பியிலும் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஈரக் கயிறு காயும்போது இன்னும் இறுகும். நைலான் கயிறு நாலு மடங்கு நாள் உழைக்குமே என்றேன். நனைந்தால் அதுவே வழுக்கும் என்றார். தென்னங்கயிற்றின் மயிர்முனைகள் நனைந்தாலும் காலைப் பிடிக்கும், உப்புத்தண்ணீரில் எளிதில் மக்கவும் மக்காது. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தடைக்காலம் எப்படியும் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது.

அந்தத் தொழிலாளி சில வருஷம் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். துறைமுகத்துக்கு வெளியே கப்பலில் ஏறிவரும் பைலட்டுக்குத் தொங்கவிடும் கயிற்று ஏணியைப் பற்றி அவர்தான் பேச்செடுத்தார். அந்த ஏணிப் படிகளுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அளவு உண்டு: நீளம் 400 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 115-க்குக் குறையக் கூடாது, இரண்டு படிகளுக்கு நடுவே 310 முதல் 350 வரை, எல்லா இடைவெளியும் ஒன்றுபோல. மேற்பரப்பு வழுக்காததாக இருந்தே ஆகவேண்டும். "அந்தப் படிக்கு பெயிண்ட் அடிச்சா செருப்பால அடிப்பாங்க சார்" என்றார். பெயிண்ட் வழுக்கும் என்பது ஒரு காரணம். பலகையில் விழுந்த விரிசலை அது மறைத்துவிடும் என்பது இன்னொன்று. மேஸ்திரி இதைக் கேட்டதும் டேப்பை எடுத்து இந்த ஏணியை அளந்தார். மூன்று இடைவெளிகள் ஓரடி, கடைசி மட்டும் ஒன்றேகால். கால் பழக்கத்தில் தேடுகிற இடத்தில் படி இல்லையென்றால் எத்தனை கயிறு சுற்றியும் பயனில்லை. வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இன்ஜின் அறைக்குள் இறங்கும் ஏணிக்கு மட்டும் கயிறு கிடையாது. டீசலைக் குடித்து நாறும், தீக்கும் பயம். அங்கே கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியையே படியாக வைத்து வெல்டு செய்திருந்தார்கள். அதன் வரிகள் எண்ணெய்க்காலையும் பிடிக்கும். ஐஸ் அறைக்கு இறங்கும் இரண்டு மரப்படிகளில் குறுக்கே ஆழமாகக் கோடு வெட்டி, பழைய டயர் ரப்பரைப் பட்டையாகத் திருகியிருந்தார்கள். இதெல்லாம் ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு மாதிரி என்பதால் விரிக்கவில்லை.

படகிலிருந்து கரைக்கு வந்தால்தான் கவலை தொற்றிக்கொள்கிறது. படகை மட்டும் சரிசெய்து என்ன? ஆற்றுக்குள் இறங்கும் சிமெண்ட் படிகளில் ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே, தினமும் நனைந்து காயும் மூன்று நான்கு படிகள் பாசி பிடித்து, பச்சைப் பட்டு விரித்தாற்போலக் கிடந்தன. மேல்படியில் பாசி வளர ஈரம் போதாது. ஆட்கள் கால் வைப்பதோ நடுவில் இருக்கும் இந்தப் பச்சையில்தான். தலையில் மீன்கூடை வைத்த பெண்ணுக்குத் தன் காலையே குனிந்து பார்க்க முடியாது. அவளிடம் "பாத்து இறங்கு" என்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நீர் வற்றும் நேரம் பார்த்து இரும்புப் பிரஷ் போட்டு வழித்து, பிளீச்சிங் பவுடரைத் தேய்த்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் பாசி போகும். சில வாரத்தில் திரும்ப வரும், திரும்ப வழிக்கவேண்டும். கிரைண்டரால் முன்விளிம்புக்கு இணையாக நாலு கோடு ஆழமாகப் போட்டுவைத்தால், பாசி வந்தாலும் காலுக்கு ஒரு பிடி மிஞ்சும். யாருடைய வேலை இது என்று கரையில் நின்றவர்களைக் கேட்டேன். ஒவ்வொருவரும் வேறு யாரையோ காட்டினார்கள்.

திரும்பி வந்தபோது படகின் உரிமையாளர் வந்திருந்தார். படிகளைச் சுற்றிப் பார்த்தார். மணல் படி அவர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்திருக்கவேண்டும்.

"மேஸ்திரி, எல்லாம் சரி. மேல ஒரு கோட்டு வார்னிஷ் மாதிரி பளபளன்னு அடிச்சிடுங்களேன். பூசை அன்னிக்கு ஊரே வரும்ல?"

"அணியத்துக்கு எத்தன கோட்டு வேணும்னாலும் அடிக்கிறேன் முதலாளி. படிக்கு வேணாம்."

"பாக்க ஒரு லட்சணமா..."

"ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில, வலை இழுத்துட்டு, ஒங்க மகன் இதுலதான் காலு வைப்பான்."

உரிமையாளர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, முன்விளிம்புக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுக்கலாமா, இருட்டில் தெரியுமே என்று அவரே கேட்டார். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றார்.

ஜூன் 14 மாலை மறுபடி போனேன். ஐஸ் ஏற்றுகிறார்கள், டீசல் ஏற்றுகிறார்கள், ஆற்றங்கரை முழுக்கச் சனம். படகின் அணியத்தில் மாலை, சந்தனம், குங்குமம். தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். பக்கவாட்டுப் படியெல்லாம் இளநீரும் மஞ்சள்தண்ணீரும் பூசணிச் சதையும். என் கண் அங்கேயேதான் இருந்தது. உரிமையாளரின் மகன், இருபது வயதிருக்கும், தோளில் ஐஸ் பெட்டியோடு வந்தான். வெறுங்கால். முகத்தைத் திருப்பி, கரையில் நின்ற யாருடனோ பேசிக்கொண்டே மஞ்சள் விளிம்பில் காலை வைத்து ஏறி உள்ளே போனான். அடுத்தவன் ஏறினான். அதற்கடுத்து இரண்டு பேர். மேஸ்திரி அங்கே இல்லை. பக்கத்துப் படகுக்கு அடியில் குனிந்து, விட்டுப்போன ஏதோ ஒரு வேலையை இருட்டுவதற்குள் முடித்துக்கொண்டிருந்தார்.